அப்பா வைத்த காற்புள்ளிகள்

அத்தியாயம் 14

எக்கார்ட் வந்தாரா இல்லையா என்று கேட்டு பதினொரு பேர் கடிதம் போட்டிருக்கிறீர்கள். ஒருவர் திட்டியே எழுதியிருக்கிறார். வந்தார் சாமி, வந்தார். எப்படி வந்தார், வந்து என்ன கூத்தடித்தார் என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. எங்கள் எர்லன்குருண்ட் தேவாலயத்தில் கொயர் என்கிற பாட்டுக்குழுவை நடத்துகிறவள் ரோஸ்வித்தா ஹெர்க்லோட்ஸ். நான் ஊர்சல், அந்தக் கொயரில் ஆல்ட்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல். ரோஸ்வித்தாவின் அப்பா ஆர்னோ பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். நாலு தந்தி வாத்தியங்களுக்காக அவர் எழுதிய மெதுவான இசை ஒன்று உண்டு. அதில் வார்த்தை கிடையாது. அவர் இறந்தபிறகு அந்தக் கையெழுத்துப் பிரதி மகன் எக்கார்டிடம் போயிற்று. போன மார்ச்சில் அம்மா லீஸ்பெத்தும் தொண்ணூறு வயதில் போய்ச் சேர்ந்தார்.

வருடக் கடைசியில், கிறிஸ்துமஸுக்குத் தயாராகும் நாலு வார அட்வென்டுக்கு முந்தின ஞாயிறு, அந்த வருடம் இறந்தவர்களின் பெயர்களை வாசித்து ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றுவோம். அன்றைக்கு அம்மாவின் பெயரையும் சேர்த்து எல்லாம் வாசித்து முடித்த கையோடு அப்பாவின் இசையைக் கொயர் பாட வேண்டும் என்பது ரோஸ்வித்தாவின் ஆசை. வயலின் வரிகளைக் குரல்களுக்கு மாற்றி, சமாதானம் கேட்கிற பழைய ஜெபத்தின் வார்த்தைகளை அதில் பொருத்தினாள். தம்பியைக் கேட்கவில்லை. தம்பி அதைச் சபைத் தாளில் படித்துத் தெரிந்துகொண்டார். போன வாரம் போனில் சொன்னார்: "நீ ஆரம்பி ரோஸி. நான் எந்திரிச்சு நின்னு நிறுத்தறேன்."

அந்த ஞாயிறு வந்துவிட்டது.

காலை ஒன்பது மணிக்கே ரோஸ்வித்தா இரண்டு கிலோ உருளைக்கிழங்கைத் துருவி முடித்திருந்தாள். சாப்பிடப்போவது மூன்று பேர். அவள், மகள் கார்லா, கார்லா கட்டிக்கொள்ளப்போகிற இங்கிலாந்துப் பையன் ரூபர்ட். எனக்கு இதெல்லாம் கார்லா சொல்லித்தான் தெரியும்.

"அம்மா, போதும். ஊருக்கே பந்தியா போடப்போறே?"

"கையைச் சும்மா வெச்சுக்க முடியலடி."

ரூபர்ட் ஜன்னலோரம் காபியோடு நின்றிருந்தான். "பக்கத்து வீட்டுல ஜன்னல்ல விளக்கு வளைவு வெச்சுட்டாங்க. அழகா இருக்கு."

"இன்னிக்கேவா?" ரோஸ்வித்தா துருவியைக் கீழே வைத்தாள். "செத்தவங்களுக்கு இன்னும் ஒரு மெழுகுவர்த்தி ஏத்தல, அதுக்குள்ள அவளுக்குக் கிறிஸ்துமஸ் வந்துடுச்சா! போன வருஷமும் இதே வேலை. இவளையெல்லாம்..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டக்கூட அன்றைக்குத் தெம்பில்லை.

"மாமா நிஜமாவே நிறுத்துவாரா?" என்று கார்லா கேட்டாள்.

"அவன் சொன்னா செய்வான். சின்ன வயசுலேர்ந்தே அப்படி." ரோஸ்வித்தா ஈரக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். "அம்மா எழுபது வருஷம் அந்தக் கொயர்ல நின்னா, கார்லா. அப்பா ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட உள்ள வந்து உக்காந்து கேக்கல. சாமி இல்லைங்கற கட்சி, கொள்கை, என்னென்னமோ. இன்னிக்கு ஒரு நாளாவது ரெண்டு பேரும் ஒரே கூரைக்குள்ள இருக்கட்டும்னு நெனச்சேன். அது தப்பா?"

"தப்பில்லைம்மா."

"ஆனா அவன் எந்திரிச்சான்னா அம்மா பேருக்கப்புறம் ஊர் முன்னாடி சண்டைதான் மிஞ்சும். அதுக்கு நான் இடம் குடுக்க மாட்டேன். ஒத்திகைக்கு அவன் கோவமா வந்து நின்னா, இதைத் தூக்கிப் போட்டுட்டு வழக்கமான ஞானப்பாட்டைப் பாடிட்டு வந்துடுவேன்."

கார்லா ரூபர்ட்டைப் பார்த்தாள். ரூபர்ட் காபியைப் பார்த்தான்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லணும். தாத்தா இசையோட நோட்ஸ் என்கிட்ட எப்படி வந்ததுன்னு நீ கேக்கவே இல்ல."

"கேட்டா பதில் சொல்லுவியேன்னுதான் கேக்கல."

விஷயம் இதுதான். செப்டம்பரில் எக்கார்ட் கச்சேரிக்காக வெளியூர் போனபோது, பூனைக்குச் சோறு போட கார்லா ஒரு வாரம் அவர் வீட்டில் தங்கினாள். போகுமுன் அவர் பிரதியை அவளுக்குக் காட்டி வாக்கு வாங்கியிருந்தார்: போட்டோ எடுக்கக் கூடாது, நகல் எடுக்கக் கூடாது, வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. சட்டம் படித்த பெண் மூன்றையும் காப்பாற்றினாள். போனை எடுத்து, அறுபத்துநாலு தாளக் கட்டங்களையும், நாலு வரிகளையும், சுரம் சுரமாக ரூபர்ட்டுக்கு வாசித்துக் காட்டினாள். அவன் அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டான்.

ரோஸ்வித்தா சிரிக்கவும் முடியாமல் அடிக்கவும் முடியாமல் மகளைப் பார்த்தாள்.

"உன்னைச் சட்டம் படிக்க வெச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றாள்.

மூன்று மணிக்கு ஆராதனை. ஒரு மணிக்கு ஒத்திகை. தேவாலயத்தில் சூடேற்றி அப்போதுதான் முனகத் தொடங்கியிருந்தது. கோட்டைக் கழற்றாமலே நின்றோம், முப்பத்தோரு பேர். பெப்பர்மிண்ட் மிட்டாய் டப்பா வரிசை வரிசையாகக் கை மாறியது.

இந்தப் பாட்டு எங்களை ஆறு வாரமாகப் படுத்தியது. காரணம் எளிது. வயலினுக்கு நுரையீரல் கிடையாது. வில் போகிற வரைக்கும் சுரம் போகும். ஆர்னோவின் வரிகள் நிற்கவே நிற்காது. எங்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். ரோஸ்வித்தா ஒரு வழி வைத்திருந்தாள்: பக்கத்தில் இருப்பவர் மூச்சு எடுக்கும்போது நீ எடுக்காதே, நீ எடுக்கும்போது அவர் எடுக்கக் கூடாது. அப்படிச் செய்தால் கேட்பவருக்கு இடைவெளியே தெரியாது. சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆண்களில் கீழ்க்குரலான பாஸ் பாடும் ட்ராவ்கொட் தன் பக்கத்து ஆளையே பார்த்துக்கொண்டு, அவர் எடுப்பார் எடுப்பார் என்று காத்திருந்து, முகம் பீட்ரூட்டாகிப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது ஒரு தடவை அல்ல.

"ட்ராவ்கொட், செத்துக் கித்துத் தொலையாதீங்க. இந்த வருஷப் பட்டியலை அச்சடிச்சாச்சு" என்று மேல்குரல் ஆண்களான டெனர் பக்கத்திலிருந்து யாரோ சொன்னார்கள். சிரித்தோம். ரோஸ்வித்தா சிரிக்கவில்லை. அவள் கண் பக்கக் கதவிலேயே இருந்தது.

முப்பதாவது கட்டத்தில் அந்தக் கதவு திறந்தது.

எக்கார்ட் பெரிய உருவம். நகரத்துத் தியேட்டர் ஆர்க்கெஸ்ட்ராவில் முப்பத்தைந்து வருடமாக வயோலா வாசிக்கிறார். வயலினை விடக் கொஞ்சம் பெரியது, கொஞ்சம் கீழ்க்குரல், எங்கள் ஆல்ட்டோ மாதிரியேதான். வாத்தியப் பெட்டி முதுகில், கோட்டில் மழை ஈரம். குளிர்ந்த காரில் அதை விட்டுவிட்டு வர மாட்டார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றவில்லை.

ரோஸ்வித்தாவின் கை ஒரு கணம் தயங்கியது. எங்களை நிறுத்துவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. பாடிக்கொண்டே போனோம். "எங்களுக்குச் சமாதானம் தாரும்" என்ற இடத்தில், நாற்பத்தோராவது கட்டத்தில், எங்கள் ஆல்ட்டோ வரி மேலே ஏறி ஒரு சுரத்தில் நிற்கும். ஏறினோம், நின்றோம்.

"பே!"

கடைசி பெஞ்சிலிருந்து வந்த சத்தத்தில் மெழுகுவர்த்தி அடுக்கிக்கொண்டிருந்த பாஸ்டர் ஒன்றைக் கீழே போட்டார்.

"அது பே! ஹா இல்ல! எவன் அங்க ஹா எழுதினது?"

நல்ல மனிதர், இசையையே நிறுத்த வந்தவர். ஒரு சுரம் தப்பினது பொறுக்காமல் அதற்குள் எழுந்துவிட்டார்.

எங்கள் நாட்டுக் கணக்கு கொஞ்சம் விசித்திரம். மற்ற சுரங்களுக்கெல்லாம் ஊர் உலகத்தில் இருக்கும் பெயர்தான். கடைசிச் சுரத்துக்கு மட்டும் நாங்கள் 'ஹா' என்போம். அதை அரைப்படி இறக்கினால் 'பே'. இங்கிலாந்தில் எங்கள் ஹாவுக்குப் பெயர் 'பி'. எங்கள் பேயும் அவர்கள் பியும் எழுத்தில் ஒன்றேதான். சுரத்தில் ஒன்றல்ல.

"எங்க தாள்ல ஹாதான் இருக்கு எக்கி" என்றாள் ரோஸ்வித்தா.

"உங்க தாள் எங்கேர்ந்து வந்துச்சு?" எக்கார்ட் நடைபாதையில் வந்துகொண்டிருந்தார். "அதைச் சொல்லு முதல்ல. கார்லா, போட்டோ எடுத்தியா?"

"இல்ல மாமா. சத்தியமா எடுக்கல." சோப்ரானோ வரிசையில் நின்ற கார்லாவின் குரல் எலி கீச்சிட்ட மாதிரி வந்தது. "வாசிச்சேன். போன்ல."

"போன்லயா? அறுபத்துநாலு கட்டம், நாலு வரி, போன்லயா?"

"ரெண்டு சாயங்காலம் ஆச்சு."

டெனர் வரிசையில் ரூபர்ட் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையைத் தூக்கினான். "தப்பு என்னோடது. ஹான்னா எங்க ஊர் பின்னு கார்லா முதல்லயே சொல்லிட்டா. அதனால ஹா வந்தபோதெல்லாம் நான் யோசிச்சு யோசிச்சுச் சரியாப் போட்டேன். பே ஒரே ஒரு தடவைதான் வந்தது. அதுக்கு யோசிக்கவே இல்ல. பின்னே போட்டுட்டேன்."

கொயர் முழுக்கச் சிரித்துவிட்டது. நானும்தான். ஆறு வாரமாக அந்தப் பொய்ச் சுரத்தை உயிரைக் கொடுத்துப் பாடியவள் நான்.

"எனக்கும் அந்த இடம் ரொம்ப இனிக்குதேன்னு தோணிக்கிட்டே இருந்தது" என்று ரோஸ்வித்தா முணுமுணுத்தாள்.

எக்கார்ட் மட்டும் சிரிக்கவில்லை. அக்காவுக்கு இரண்டடி தள்ளி நின்றார்.

"சுரத்தைத் திருத்திக்கலாம் ரோஸி. அது பிரச்சினை இல்ல. அப்பா இந்த வாசல்படி ஏறினதில்ல. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உயிரோட இருந்தவரைக்கும் யார் இழுத்தும் வராத மனுஷனை, செத்து முப்பத்துமூணு வருஷம் கழிச்சு நீ வாயில ஜெபத்தைத் திணிச்சு உள்ள இழுத்துட்டு வர்றே. வார்த்தை வேணும்னா அவரே போட்டிருப்பார். போடல."

"அம்மாவுக்காகடா."

"அம்மாவுக்காக அப்பாவை மாத்துவியா?"

 எனக்கே அவர் பேச்சில் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது, என்ன செய்வது? ரோஸ்வித்தா மேசையில் இருந்த ஞானப்பாட்டுப் புத்தகத்தை எடுத்தாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

எக்கார்டுக்கு அத்தோடு விட மனசில்லை. வாத்தியப் பெட்டியைத் திறந்து, அதன் மூடிப் பையிலிருந்து பழுப்பேறிய நாலு தாள்களை எடுத்தார். "பாரு. உன் கண்ணாலயே பாரு. நாப்பத்தொண்ணு. பே. இதைக்கூடச் சரியா எடுக்கத் தெரியாம அப்பாவைப் பாட வந்துட்டீங்க."

ரோஸ்வித்தா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். அப்பாவின் கையெழுத்தை அவள் கையில் வாங்கிப் பார்ப்பது அவர் அடக்கத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. நாற்பத்தொன்றைத் தேடிய விரல், முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

"இது என்ன எக்கி?"

"எது?"

"இந்தக் காற்புள்ளி. சுரத்துக்கு மேல. இதோ, இதோ. வயோலா வரி முழுக்க இருக்கே."

"அதுவா? வில்லைத் தூக்கறதுக்கு. எங்க நாலு பேர் குவார்ட்டெட்ல அதை நாங்க மதிக்கறதே இல்ல. ரெண்டு கட்டத்துக்கு ஒரு தடவை வில்லைத் தூக்கினா விக்கல் எடுத்த மாதிரி இருக்கும். அந்தக் காலத்துல அப்பாவோட வயோலா வாசிச்சவன் கத்துக்குட்டி போல. பாவம் பார்த்து எழுதிக் குடுத்திருக்கார்."

"கார்லா, இதை நீ வாசிச்சியா?"

"இல்லம்மா. அழுக்குன்னு நெனச்சேன்."

ரோஸ்வித்தா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். "முதல் வயலின்ல ஒண்ணுகூட இல்ல. ரெண்டாவதுல இல்ல. செல்லோல இல்ல. வயோலால மட்டும்." கண்ணாடிக்கு மேலாகத் தம்பியைப் பார்த்தாள். "எக்கி, நீ வில் புடிக்கறவன், உனக்கு இது வில்லு. கொயர்ல நாங்க இதை என்ன சொல்லுவோம் தெரியுமா? மூச்சுக்குறி."

"வயோலாவுக்கு எதுக்கு மூச்சுக்குறி?"

"வயோலாவுக்கு இல்லடா. ஆல்ட்டோவுக்கு."

ரோஸ்வித்தா மறுபடி முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். 

"இருந்தாலும்," என்றாள் அவள், தனக்குத்தானே, "ரெண்டு கட்டத்துக்கு ஒரு தடவை... எந்தப் பாடகிக்கு அவ்வளவு சீக்கிரம் மூச்சு முட்டும்?"

எனக்குத் தெரிந்துவிட்டது. லீஸ்பெத்துக்குப் பக்கத்தில் பத்தொன்பது வருடம் நின்றவள் நான். பதினாலு வயதில் நூற்பாலைக்குப் போன பெண். பஞ்சுத் தூசி அவள் நெஞ்சில் கடைசிவரை குடியிருந்தது. குரல் தேன். ஆனால் தம் கிடையாது. ஒரு வரியில் மற்றவர்கள் ஒரு மூச்சு எடுத்தால் அவள் மூன்று எடுப்பாள். எனக்கு அது பழகிப்போய், அவள் இல்லாத இந்த எட்டு மாதத்தில் பக்கத்து இடம் ரொம்ப அமைதியாக இருக்கிறதே என்று தவித்திருக்கிறேன்.

"நான் பாடிக் காட்டட்டுமா?" என்றேன்.

இறங்கிப் போனேன். ரோஸ்வித்தா தாளைப் பிடித்துக்கொண்டாள். வார்த்தை போடாமல், வெறும் 'ஆ' என்று, வயோலா வரியைப் பாடினேன். காற்புள்ளி வந்த இடத்தில் மூச்சு எடுத்தேன். இரண்டு கட்டம், மூச்சு. இரண்டு கட்டம், மூச்சு. நாற்பத்தொன்றில் ஒன்றரைக் கட்டத்திலேயே ஒரு காற்புள்ளி இருந்தது. ஏறி நிற்குமுன் எடுத்துக்கொள் என்கிற மாதிரி. அதற்குப் பிறகுதான் அந்தப் பே. எனக்குப் பாடுவதாகவே தோன்றவில்லை. லீஸ்பெத் பக்கத்தில் நின்று முழங்கையால் இடிக்கிற மாதிரி இருந்தது.

எக்கார்ட் முன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தொப்பி எப்போது கைக்கு வந்தது என்று தெரியவில்லை.

"இது அம்மா" என்றார்.

"அம்மாதான்" என்றாள் ரோஸ்வித்தா. "தேதி பாரு. அறுபத்தொண்ணு. அந்த வருஷம்தான் அம்மாவை மலை மேல சானடோரியத்துல ஏழு மாசம் வெச்சிருந்தாங்க. எனக்கு மூணு வயசு. இனிமே பாடவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாராம்."

"அவ பாடறதுக்கு எழுதியிருக்கார்."

"அவ மூச்சை அளந்து எழுதியிருக்கார். வெளியே சொல்லாம, வயோலான்னு பேர் போட்டு."

எக்கார்ட் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முப்பத்தைந்து வருடத் தொழில்காரர், ஒரு காற்புள்ளியைத் தப்பாகப் படித்திருக்கிறோம் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? "நான் ஒவ்வொரு தடவையும் அங்க நிக்காமலே வாசிச்சுட்டுப் போயிருக்கேன் ரோஸி. அம்மாவும் முன் வரிசையில உக்காந்து கேட்டா. ஒண்ணும் சொல்லல."

"அவ என்னிக்கு என்ன சொன்னா?"

ரோஸ்வித்தா அந்த ஞானப்பாட்டுப் புத்தகத்தை அவர் பக்கத்தில் வைத்தாள். "எக்கி, வார்த்தை நான் போட்டதுதான். அப்பா சம்மதிச்சிருப்பாரான்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். நீ வேண்டாம்னு சொல்லு, இதைப் பாடிடறோம். அம்மா பேருக்கப்புறம் சண்டை மட்டும் வேண்டாம்டா."

மணி ஒன்றே முக்கால். முப்பத்தோரு பேரும் அந்த மனிதரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ட்ராவ்கொட் மறுபடி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்.

"யார்கிட்டயாவது பென்சில் இருக்கா?" என்றார் எக்கார்ட்.

பதினைந்து பென்சில் நீண்டது. அவர் ஆல்ட்டோ வரிசைக்கு வந்து, ஒவ்வொரு தாளாக வாங்கி, ஹாவை அடித்துப் பே ஆக்கினார். ஒவ்வொரு காற்புள்ளியையும் தன் கையால் வைத்தார். கார்லா மூலத்தை எதிரே பிடித்துக்கொண்டு நின்றாள். "இப்ப போட்டோ எடுக்கலாமா மாமா?" என்று கேட்டு ஒரு முறைப்பை வாங்கிக்கொண்டாள்.

"டேய் தம்பி, நீ இங்க வா" என்று ரூபர்ட்டைக் கூப்பிட்டார். "அந்த வரிசைத் தாள்ல சுரத்தை நீ திருத்து. பேன்னா என்ன எழுதுவே?"

"பி. அதுக்கு முன்னாடி இறக்கக் குறி."

"பொழைச்சுப்பே."

மூன்று மணிக்குத் தேவாலயம் நிறைந்துவிட்டது. பாஸ்டர் பெயர்களை வாசிக்க வாசிக்க ஒவ்வொரு குடும்பமாக எழுந்து வந்து மெழுகுவர்த்தி ஏற்றியது. இருபத்துமூன்று பெயர்கள். லீஸ்பெத் ஹெர்க்லோட்ஸ் கடைசிக்கு முந்தினது. ரோஸ்வித்தாவும் எக்கார்டும் ஒன்றாகப் போனார்கள். யார் ஏற்றுவது என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்து நிற்க, கார்லா தீக்குச்சியைக் கிழித்துக் கொடுத்தாள். கடைசிப் பெயரும் முடிந்ததும் ரோஸ்வித்தா எங்கள் முன்னால் வந்து நின்றாள்.

எக்கார்ட் பெஞ்சுக்குத் திரும்பவில்லை. வயோலாவை எடுத்துக்கொண்டு ஆல்ட்டோ வரிசையில் ஏறி, எனக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் நின்றார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கை வீசணும்" என்று காதோடு சொன்னார். அவர் அம்மாவும் அப்படித்தான், எப்போதும் இடம் கேட்பாள்.

பாடினோம். மற்ற மூன்று குரலும் நிற்காமல் ஓட, எங்கள் வரி மட்டும் இரண்டு கட்டத்துக்கு ஒருமுறை நின்று மூச்சு எடுத்தது. எங்களோடு அவர் வில்லும் உயர்ந்து இறங்கியது. நான் பயந்த மாதிரி விக்கலாக இல்லை. ஒருத்திக்கு மூச்சு வாங்குகிறது, மற்ற மூவரும் அவளைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள், அப்படி இருந்தது. நாற்பத்தொன்றில் எல்லா ஆல்ட்டோவும் ஒன்றாக இழுத்த மூச்சு வாசல்வரை கேட்டிருக்கும். பிறகு அந்தப் பே. 'சமாதானம்' என்ற வார்த்தை அதில் வந்து உட்கார்ந்தபோது, ஆறு வாரமாக நாங்கள் அந்த வார்த்தையைக் கேட்காமலே பாடியிருக்கிறோம் என்று புரிந்தது. அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதுகொண்டேதான் முடித்தேன். ஆர்னோவும் லீஸ்பெத்தும் அன்றைக்கு ஒரே கூரைக்குள் இருந்தார்கள். யார் என்ன கொள்கை பேசினாலும் எனக்கு அது போதும்.

ஆராதனை முடிந்து சபை மண்டபத்தில் காபி, சர்க்கரைத் தூள் தூவின கேக். ஊரே எக்கார்டின் கையைக் குலுக்கியது. அவர் மூன்றாவது துண்டு கேக்கில் இருந்தார். ரோஸ்வித்தா அவர் எதிரே உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். 

"அந்தப் பேக்கு அந்த வார்த்தை பொருந்துது" என்றார் எக்கார்ட், கேக்கைப் பார்த்துக்கொண்டே. "சரின்னு சொல்லல. பொருந்துதுன்னு சொல்றேன்."

"அது போதும் எனக்கு."

கார்லா கையெழுத்துப் பிரதியைத் தட்டு படாத இடமாக மேசையில் விரித்து வைத்திருந்தாள். "மாமா, முதல் பக்கத்துல மேல ரெண்டுன்னு போட்டிருக்கே. இது ரெண்டாவதுன்னா, ஒண்ணு எங்கே?"

எக்கார்ட் கேக்கை வாய்க்குக் கொண்டுபோனவர் தட்டில் வைத்துவிட்டார்.

"வீட்டுல இருக்கு" என்றார்.

ரோஸ்வித்தாவின் கால் நின்றது. "என்ன இருக்கு?"

"ஒண்ணாவது. சின்னது, ஒரே பக்கம். அதுல வார்த்தைகூட இருக்கு, நாலு வரி. ஐம்பத்தெட்டுல எழுதினது. நீ பொறந்தப்ப." அவர் நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. "உன் பேர் இருக்கு அதுல."

"எக்கி! முப்பத்துமூணு வருஷமாவாடா என்கிட்ட காட்டாம வெச்சிருந்தே?"

"காட்டியிருக்கணும். தெரியும். திட்டு. ரெண்டாவதுல யார் பேரும் இல்ல, சும்மா இசைன்னு இருந்தவரைக்கும் எனக்கு ஒண்ணும் இல்ல ரோஸி. ஒண்ணு உனக்குக் கெடச்சுது, ஏதோ முதல் புள்ளைன்னு எழுதினார், போகட்டும்னு இருந்தேன். இன்னிக்கு ரெண்டு அம்மாவோடதுன்னு ஆயிடுச்சு." அறுபத்திரண்டு வயது மனிதர் விரலால் கேக்கை உதிர்த்துக்கொண்டிருந்தார். "அவர் பேப்பர் அத்தனையும் என்கிட்டதான் இருக்கு. எல்லாத்தையும் தேடியாச்சு. மூணுன்னு ஒண்ணு இல்ல. எனக்கு அவர் எழுதவே இல்லையா?"

 திட்டுவதற்கு வாயைத் திறந்த ரோஸ்வித்தா மூடிக்கொண்டாள். எட்டி, தம்பியின் தட்டில் இருந்த கேக்கை நகர்த்திவிட்டு அவர் கையைப் பிடித்தாள்.

"அப்பா பேப்பர்லதானே தேடினே? அம்மாவோட தகரப் பெட்டி பரண்ல இருக்கு. மார்ச்சுலேர்ந்து அதைத் திறக்க எனக்கு மனசு வரல." காலால் செருப்பைத் துழாவி மாட்டிக்கொண்டாள். "கார்லா, என் கோட்டை எடு. எந்திரிடா எக்கி. ஏணியை நீ புடிச்சுக்கோ, நான் ஏறறேன்."